கிறிஸ்துமஸ் வரைக்கும்

ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது கைசா இரண்டு கைகளிலும் உறை போட்டுக்கொண்டு, தன் அப்பாவின் இடது கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். மேசைமேல் கிடந்த போன் சிணுங்கியது. அவள் திரும்பவில்லை. ஊசியைப் பொருத்தி, டேப் ஒட்டி, குழாயில் ரத்தம் ஏறி இயந்திரத்துக்குள் போவதைப் பார்த்த பிறகுதான் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"அப்பா, கிடைச்சிருச்சு."

"என்ன, கிட்னியா?"

"ஷெஃபீல்டு. ஒரு வருஷம் முழுக்க."

நான் அடுப்படியில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் அப்பா ராய்ஸ் என் அண்ணன், மூன்று வயது மூத்தவன். கண் சரியாகத் தெரியாததால் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினான். "இரும்பு தோண்டுற ஊர்லேர்ந்து இரும்பு உருக்குற ஊருக்கு ஒரு ஆள் போறது நியாயம்தானே," என்றான். பிறகு, "மார்லி, கேட்டியா? நம்ம வீட்டுப் பொண்ணு கடல் தாண்டுது," என்று என்னைக் கூப்பிட்டான். நான் மார்லீன். என்னை மார்லி என்று கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம் இருந்தான்.

எங்கள் ஊர் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிறது. மலையிலிருந்து இரும்புத்தாது ரயிலில் வந்து இங்கேதான் கப்பலேறும். அந்த ரயிலை ராய்ஸ் இருபத்தாறு வருஷம் ஓட்டினான். சர்க்கரை நோய் முதலில் அவன் சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டது. அப்புறம் பாதிப் பார்வை, அப்புறம் விரல்களின் உணர்ச்சி. இதயமும் பலவீனம் என்பதால் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில்கூட அவன் பெயரைச் சேர்க்கவில்லை. முதல் இரண்டு வருஷம் வாரத்தில் மூன்று நாள் டுலூத் நகரத்து டயாலிசிஸ் மையத்துக்குப் போய் வந்தான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பனி கொட்டினால் இரண்டு. திரும்பி வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பான். மறுநாள் முழுக்கத் தூங்குவான். பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவதுதான் அவனுக்குப் பெரிய வேதனை. "போன வாரம் என்கிட்ட சீட்டாட்டத்துல தோத்தவன் இந்த வாரம் இல்ல," என்பான்.

கைசாவுக்குப் பதினெட்டு முடிந்ததும் அவளே பயிற்சி எடுத்துக்கொண்டு இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வாரத்தில் ஐந்து நாள் சாயங்காலம், மூன்று மணி நேரம். தன் கையில் தானே ஊசி போட்டுக்கொள்ள ராய்ஸுக்குக் கண் இல்லை, விரல் இல்லை. அதனால் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அவள் அம்மா டெனீஸ் கைசாவின் ஒன்பதாவது வயதிலேயே அரிசோனா போய்விட்டாள். ஆகவே அந்த ஒருவர் கைசாதான். டுலூத்தில் உலோகவியல் படித்துக்கொண்டே, மதியம் வகுப்பு முடிந்ததும் காரை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். நண்பர்களோடு ஒரு படம் பார்க்கப் போனாள் என்று நான் கேட்டதில்லை.

ஷெஃபீல்டுக்கு விண்ணப்பம் போடச் சொன்னதே ராய்ஸ்தான். அவள் ஆசிரியர் கொடுத்தனுப்பிய காகிதத்தை அவள் குப்பையில் போட்டிருந்தாள். அவன் குப்பைப் பையைக் கட்டும்போது மேலே வெள்ளையாகத் தெரிய, என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான்.

அந்த வசந்த காலத்தில் டயாலிசிஸ் மையத்து நர்ஸ் என்னிடம் கேட்டாள், "நீங்க கத்துக்க முடியுமா? தங்கச்சிதானே, ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கீங்க?" ஒரு நாள் ராய்ஸோடு மையத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஊசி அவன் கையில் இறங்கியபோது தலை சுற்றுகிறது என்று சொல்லி வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மீன் கழுவும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் என்று ராய்ஸும் கேலி செய்தான். எனக்கு ரத்தத்தைக் கண்டால் ஆகாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அது சாக்கு. எங்கள் அம்மா படுக்கையில் கிடந்த நான்கு வருஷமும் நான்தான் பார்த்தேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், மலம் அள்ளினேன். இன்னொரு முறை என்னால் முடியாது என்று மனதுக்குள் ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அதை வெளியில் சொல்ல வெட்கம். அதனால் ரத்தம் என்றேன்.

ஆக, கைசா போனால் ராய்ஸ் மறுபடி டுலூத் மையத்துக்கே போக வேண்டும். "போறேன், என்ன இப்ப? ரெண்டு வருஷம் போனவன்தானே," என்றான். அவள் நம்பவில்லை. அவன் அடித்துச் சொல்லச் சொல்லத்தான் சரி என்றாள்.

அதன் பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஏறியது. கைசா எதையும் எழுதி வைத்துச் செய்கிறவள். ஒரு பக்கம் 'நான்', இன்னொரு பக்கம் 'அப்பா'. அவள் பக்கத்தில் பாஸ்போர்ட், விசா, கைரேகை, விடுதி அறை, மழைக்கோட்டு, பிளக், அங்கே வேலை செய்யும் வங்கி அட்டை. அவன் பக்கத்தில் மையத்தில் இடம், அழைத்துப் போகும் வண்டி, மளிகை, பனி தள்ள ஆள், கண் சொட்டு மருந்து, இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள். அவன் பக்கம்தான் நீளம்.

எங்கள் ஊரில் பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்குவது தபால் அலுவலகத்தில். அந்த வேலை என்னுடையதுதான். ஆனால் சொந்தக்காரர்களுடையதை நான் வாங்கக் கூடாது என்று விதி. அதனால் உடன் வேலை செய்கிற கிரெக் காகிதங்களைப் பார்த்தார், நான் போட்டோ மட்டும் எடுத்தேன்.

"சிரிக்காதே," என்றேன்.

"சிரிக்கல அத்தை. என் மூஞ்சியே அப்படித்தான்."

"அப்ப மூஞ்சியை மாத்து. பல்லு தெரிஞ்சா திருப்பி அனுப்பிருவாங்க."

பிரிட்டிஷ் விசாப் படிவத்தை அவள் ராய்ஸுக்கு வாசித்துக் காட்டினாள். படிக்க வருகிறவர்கள் அந்த நாட்டு வைத்தியத்துக்கு முன்கூட்டியே கட்டணம் கட்ட வேண்டும் என்ற இடத்தில் அவன் நிறுத்தினான். "ஒரு தடவை கட்டினா வருஷம் பூரா டாக்டரா? என்னையும் பெட்டிக்குள்ள போட்டுக்கோ."

"பெட்டி எடை அம்பது பவுண்டுக்கு மேல போகக் கூடாது அப்பா."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அம்பதுக்குள்ள வந்துருவேன்."

நாங்கள் சிரித்தோம். சிரித்தோமே என்று அப்புறம் பல தடவை நினைத்தேன்.

கைரேகை கொடுக்க மினியாபோலிஸ் போக வேண்டியிருந்தது. இயந்திரம் ஓய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து நான் கார் ஓட்டினேன். வழியெல்லாம் கைசா பேசிக்கொண்டே வந்தாள். முடி உலர்த்தும் மெஷினை இங்கிருந்து கொண்டுபோனால் அங்கே கருகிவிடும், அங்கத்து மின்சார அழுத்தம் நம்முடையதைப்போல இரண்டு மடங்கு. போர்வை தலையணையைச் சுமக்க வேண்டாம், அங்கேயே வாங்கலாம். மருந்துச் சீட்டில் டாக்டர் கையெழுத்து வேண்டும். இருபது வயதுப் பெண் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் அதுவரை அவளிடம் கேட்டதில்லை. திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி மழைக்கோட்டு வாங்கினோம். மஞ்சள்தான் வேண்டும் என்றாள், தூரத்திலிருந்தே அப்பாவுக்குத் தெரியுமாம்.

ஜூலை கடைசியில் 'மையத்தில் இடம்' என்ற வரியை ராய்ஸ் தடித்த பேனாவால் தானே அடித்தான். கோடு கோணலாகப் போய் அடுத்த வரியையும் பாதி அடித்தது.

"எந்தக் கிழமை கொடுத்திருக்காங்க?" என்றாள் கைசா.

"செவ்வாய், வியாழன், சனி. பன்னெண்டு மணி. ஜன்னல் பக்கமா கேட்டிருக்கேன்."

"கண்ணே தெரியாது, ஜன்னல் எதுக்கு?"

"வெயில் படும்ல. அதுக்குக் கண்ணு வேணுமா?"

ஆகஸ்ட் இருபதாம் தேதி மதியம் கைசா தபால் அலுவலகத்துக்குள் வந்தாள். வரிசையில் நான்கு பேர் நின்றார்கள். அவள் வரிசையைத் தாண்டி நேராக என் முன்னால் வந்து நின்றாள். 

"அத்தை, அப்பா இடம் வாங்கவே இல்ல."

"என்ன சொல்றே?"

"மையத்துக்கு போன் பண்ணினேன். உள்ள குளிருமே, கம்பளி நாமளே கொண்டு போகணுமான்னு கேக்க. அப்படி ஒரு பேரே பட்டியல்ல இல்லைங்கறாங்க. யாரும் கேக்கவும் இல்லையாம்."

கிரெக் என்னைப் பார்த்து, "நீ போ, நான் பாத்துக்கறேன்," என்றார்.

நாங்கள் போனபோது ராய்ஸ் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் பெட்டியைக் குப்புறப் போட்டு, ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். விரல் உணர்ச்சி இல்லாததால் சக்கரத்தைக் கன்னத்தில் வைத்துச் சுழற்றிப் பார்த்தான்.

"யார்கிட்ட பேசினே அப்பா? எந்த நர்ஸ்?"

"எதுக்கு?"

"ஜன்னல் பக்கத்து சீட்டுக்கு."

அவன் எண்ணெய்க் குப்பியை மூடினான். மூடி சரியாக விழவில்லை. மறுபடி மூடினான். "கூப்பிட்டுட்டியா?" என்றான்.

"கூப்பிட்டேன்."

"குட்டி, உக்காரு."

"உக்கார மாட்டேன். சொல்லு."

"நீ போனதும் நிறுத்திக்கலாம்னு இருந்தேன்."

எதை என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "எத்தனை நாளாகும்?" என்றாள், கடைக்காரரிடம் விசாரிப்பது போல.

"பத்து நாள்ங்கறாங்க. கூடக் குறைய இருக்கும். தூக்கம் தூக்கமா வருமாம். வலி தெரியாம பாத்துக்க நர்ஸ் வீட்டுக்கே வருவாங்களாம்."

"அந்தப் பத்து நாளும் நான் அங்க கடையில தலையணை பாத்துக்கிட்டு இருப்பேன்."

"ஆமா."

"அப்புறம் அத்தை போன் பண்ணி, உங்கப்பா போயிட்டார், கிளம்பி வான்னு சொல்லணும். அத்தைக்கு இது தெரியுமா?"

"அவளுக்கும் தெரியாது. அவளை ஏன் இழுக்கறே?"

கைசா உள்ளே போனாள். இன்னொரு பெட்டியை இழுத்து வந்து, ஜிப்பைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்ததையெல்லாம் தரையில் கொட்டினாள். ஸ்வெட்டர், புத்தகம், கம்பளிக் காலுறை, மூன்று கம்பி பிளக், எல்லாம் ராய்ஸின் காலடியில் விழுந்தன. சத்தத்தை வைத்தே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நீ அதைப் பிரிச்சா இன்னிக்குச் சாயங்காலமே நான் அந்த நாற்காலில உக்கார மாட்டேன்," என்றான்.

"மிரட்டுறியா?"

"ஆமா. வேற என்ன இருக்கு என்கிட்ட?" அவன் குரல் உயரவில்லை. "நான் களைச்சுப் போயிட்டேன், குட்டி. ஒரு வருஷமாவே களைச்சுப் போயிட்டேன். நீ ராத்திரி பகலா ஓடறியேன்னு உக்காந்திருக்கேன். நீ எனக்காக இங்க இருக்கே, நான் உனக்காக உசிரோட இருக்கேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கோம். உனக்கு முப்பது வயசு ஆகறவரைக்கும் இப்படியே இருக்கச் சொல்றியா?"

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல!"

"சொன்னா போயிருப்பியா?"

அவள் தரையில் உட்கார்ந்து, கொட்டியதன் நடுவிலேயே, முகத்தை ஸ்வெட்டரில் புதைத்துக்கொண்டு அழுதாள். ராய்ஸ் கையை நீட்டித் துழாவினான். அவன் கைக்கு எட்டும் தூரத்தில் அவள் இல்லை.

"நான் கத்துக்கறேன்," என்றேன்.

முடிவெடுத்துச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கை காற்றில் துழாவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நீயா?" என்றான் ராய்ஸ். "ஊசியைப் பாத்தா நீ விழுவே. உன்னை யாரு தூக்கறது? நானா?"

"விழுந்தா நானே எழுந்துக்கறேன். நீ வாயை மூடு."

அன்று சாயங்காலம் நாற்காலியில் உட்காருவதற்கு முன் அவன் ஓர் ஒப்பந்தம் பேசி முடித்தான். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பண்ணிக்கறேன். அதுக்கப்புறம் என்னை யாரும் கேக்கக் கூடாது."

கைசா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "நான் வந்த பிறகு. நான் வீட்ல இருக்கும்போதுதான். நான் இல்லாதப்ப கூடவே கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பழைய லாரி விற்று வாங்குகிறவர்கள் குலுக்குவதுபோல, ஒரே ஒரு தடவை, அழுத்தமாக. பிறகு அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஊசியை எடுத்தாள்.

தபால் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு தினமும் காலையில் பயிற்சிக்காக டுலூத் போனேன். சாயங்காலம் கைசா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். கையில் அறுவை செய்து பருக்க வைத்த ரத்தக்குழாய் ஒன்று இருக்கும். அதில் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல் அதிரும். "அதிருது பாருங்க அத்தை, அதுதான் நல்லா ஓடுதுன்னு அர்த்தம்," என்பாள். முதல் தடவை நான் குத்தியபோது தவறி, கை முழங்கைவரை நீலமாக வீங்கியது. ராய்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "சின்ன வயசுல உன் பொம்மையை ஏரில போட்டேனே, அதுக்கா இது?" என்றான். நான் விழவில்லை. இரண்டாவது வாரம் ஒரு நாள் இரண்டு ஊசியும் முதல் முயற்சியிலேயே இறங்கின. கைசா எதுவும் சொல்லாமல் அறைக்குப் போய், பிரித்த பெட்டியை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

செப்டம்பர் பதினைந்து காலை டுலூத் விமான நிலையம். சிகாகோ போய் அங்கிருந்து மான்செஸ்டர். ராய்ஸ் சக்கர நாற்காலி வேண்டாம் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். பெட்டியைத் தராசில் வைத்தபோது இரண்டு பவுண்டு கூடுதல். கைசா இரண்டு புத்தகத்தை எடுத்து மழைக்கோட்டுப் பையில் திணித்தாள்.

"பாஸ்போர்ட்?" என்றான்.

"இருக்கு."

"சேர்க்கைக் கடிதம் காகிதமா வச்சிருக்கியா? போன்ல மட்டும் வச்சிருந்தா, சார்ஜ் போச்சுன்னா?"

"காகிதமாவும் இருக்கு அப்பா."

"ரோட்டைக் கடக்கும்போது வலது பக்கம் பாரு. அங்க எல்லாம் தலைகீழ்."

"ரெண்டு பக்கமும் பாக்கறேன்."

கேட்க வேறு எதுவும் அவனிடம் மிச்சம் இல்லை. அவள் அவனைக் கட்டிக்கொண்டு காதில் என்னவோ சொன்னாள். "சத்தியம் சத்தியம்தான்," என்று அவன் பதில் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. மஞ்சள் கோட்டு சோதனைக் கதவைத் தாண்டிப் போன பிறகும் அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியுதா?" என்றேன். "தெரியுது," என்றான். அவள் போய் மறைந்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

அந்த இலையுதிர் காலம் முழுக்க நானும் என் அண்ணனும் வாரத்தில் ஐந்து சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்தோம். அதற்கு முன் முப்பது வருஷத்தில் சேர்ந்து உட்கார்ந்த நேரத்தைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. கைசா ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பேசுவாள். மழை பெய்துகொண்டே இருக்கிறதாம். சமையலறையை ஆறு பேர் பங்கு போடுகிறார்களாம். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். அவள் பேச்சு முடிந்த பிறகும் ராய்ஸுக்குச் சிரித்த முகம் அப்படியே இருக்கும்.

நவம்பரில் முதல் புயல் வந்த அன்று மின்சாரம் போகுமோ என்று பயந்தபடி இருந்தேன். ஏரி கரையில் அடிக்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. ராய்ஸ் திடீரென்று சொன்னான், "நீ நல்லா குத்தறே மார்லி. அவளைவிட வலி கம்மி."

எனக்குத் தாங்கவில்லை. "எனக்கு ரத்தத்தைக் கண்டு பயம் எல்லாம் இல்ல, ராய்ஸ். வசந்தத்துல நான் பொய் சொன்னேன்," என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அம்மாவை நாலு வருஷம் நீதான் பாத்தே. நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து மாத்திவிட்டேனா? ரயில் ஓட்டணும், ஓவர்டைம்னு சொல்லிட்டே இருந்தேன். ஓவர்டைம் எல்லாம் நானா கேட்டு வாங்கினது. அம்மாவை அப்படிப் பாக்க முடியல எனக்கு." இயந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அதான் உன்னைக் கேக்கல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

நான் ரத்த அழுத்தத்தைப் பார்த்து நோட்டில் எழுதினேன். எழுத்து தெரியவில்லை. இன்னொரு தடவை எழுதினேன்.

"மனசை மாத்திக்கக் கூடாதா?" என்றேன். "நான்தான் இருக்கேனே. எத்தனை வருஷம்னாலும்."

"இந்த மூணு மாசமும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றான். "அதுக்காக இல்ல. கையை விட்டுட்டுத் தூங்கணும்போல இருக்கு. உனக்கு எப்படிச் சொல்றது... கேக்காதே மார்லி. கேக்க மாட்டோம்னு பேசினோம்ல."

அப்புறம் கேட்கவில்லை.

டிசம்பர் பதினாறில் கைசா வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், பேச்சில் அங்கத்து இழுப்பு ஒன்றிரண்டு ஒட்டியிருந்தது. ராய்ஸ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கிறிஸ்துமஸ் போனது. அவள் நாள் ஒன்றுக்கு நாலு தடவை அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டான் என்றுகூட நாங்கள் நினைக்க ஆரம்பித்தோம். ஜனவரி மூன்றாம் தேதி சாயங்காலம் நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவன் நாற்காலியில் உட்காராமல் மேசையருகே உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கு வேண்டாம்," என்றான். "குட்டி, சரியா?"

கைசா அவன் அருகே வந்தாள். அவள் மாட்டேன் என்றிருந்தால் அவன் எழுந்து நாற்காலிக்குப் போயிருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன். அவளுக்கும் அது தெரியும். அவள் குனிந்து அவன் உச்சியில் முகத்தை வைத்து, "சரிப்பா," என்றாள்.

டயாலிசிஸ் பத்தியம் என்று நான்கு வருஷமாக அவனுக்கு உருளைக்கிழங்கு கிடையாது, ஆரஞ்சு கிடையாது, தாகத்துக்கு வாய் நிறையத் தண்ணீர் கிடையாது. அந்த முதல் நாட்களில் கைசா வெண்ணெய் போட்டு உருளைக்கிழங்கு மசித்துக் கொடுத்தாள். ஒரு முழு ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாகச் சாறு வழிய வழியச் சாப்பிட்டான். குளிர்ந்த பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இதுக்கே நிறுத்தியிருக்கலாம்டா சாமி," என்றான். அவளும் சிரித்தாள். ஐந்தாம் நாளிலிருந்து தூக்கம் கூடியது. வீட்டுக்கு வந்த நர்ஸ் சொன்னபடியே வலி தெரியாமல் பார்த்துக்கொண்டாள். பதினோராம் தேதி விடியற்காலை, இரண்டு இரவு கண் விழித்த கைசாவை வற்புறுத்திப் பக்கத்து அறையில் படுக்க வைத்திருந்தேன். அப்போது போனான். நான் மட்டும் இருந்தேன்.

அடுத்த பத்து நாளில் அடக்கம் எல்லாம் முடிந்தது. இயந்திரத்தை வந்து எடுத்துப் போனார்கள். அது இருந்த இடத்தில் தரைவிரிப்பு நான்கு இடத்தில் பள்ளமாக இருந்தது. கைசா எழுத வேண்டிய பரீட்சைகளை ஆகஸ்டுக்குத் தள்ளி வைத்து ஷெஃபீல்டிலிருந்து கடிதம் வந்தது. அவள் மறுபடி பெட்டி அடுக்கினாள். இந்த முறை பட்டியல் எதுவும் எழுதவில்லை. எனக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "போகணுமா அத்தை?" என்றாள்.

போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகாதே என்றும் வரவில்லை. "வெள்ளிக்கிழமை பனி கொட்டுமாம். வியாழன்னா ரோடு நல்லா இருக்கும்," என்றேன். வியாழக்கிழமை அவளை விமானம் ஏற்றிவிட்டு, மதியம் வேலைக்குப் போனேன்.

மூன்று வாரம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அங்கே இரவுச் சமையல் நேரம். பின்னால் தட்டுச் சத்தமும் யாரோ பாடுவதும் கேட்டது. அவள் வேறு என்னென்னவோ பேசினாள். பிறகு, சமையலறையை விட்டு வெளியே வந்திருப்பாள் போல, சத்தம் அடங்கியது.

"அத்தை, கடைசில அப்பா ஏதாவது சொன்னாரா?"

இதை அவள் இங்கே இருந்த நாட்களில் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் தைரியம் வரவில்லை.

"சொன்னான்," என்றேன். "கொஞ்சம் தெளிவில்லாமதான் இருந்தான். நீ பிளேன்ல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டான். குட்டி போய்ச் சேந்துட்டாளான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ அடுத்த ரூம்ல தூங்கிட்டு இருந்தே. எழுப்பியிருக்கணுமோ என்னவோ. எழுப்பறதுக்குள்ள போயிருவானோன்னு இருந்துச்சு. சேந்துட்டா, நல்லபடியா சேந்துட்டாள்னு சொன்னேன்."

 தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்தப் பக்கம் தெருவில் ஒரு பஸ் நின்று கிளம்புவது கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என் சூப்பு பொங்கிடும் அத்தை," என்றாள் கடைசியில். "நாளைக்குப் பண்றேன்."

மறுநாள் அதே நேரத்துக்குப் பண்ணினாள்.